ஏலக்காய்ப் போத்தில்

ஜெனோவா
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கஜானன் எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளை ஆரணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் எப்படி? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதாததால் நோவு கூடிவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பூபாலென் போன செவ்வாய் கப்பல் வேலை முடிந்து இறங்கியதும் பார்சலைத் தந்தான். ஏலக்காய் மணம் பெட்டியைத் திறக்க முதலே வந்துவிட்டது. ஆனால் ஒரு கரைச்சல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் வேப் இழுப்பது உணவகத்தின் பின் முற்றத்தில்தானே, அந்தக் குளிருக்குப் போத்திலுக்குள் இருக்கும் சாமான் பாகு மாதிரி இறுகிவிடுகிறது. மெஷினுக்குள் இருக்கும் பஞ்சில் ஊறுகிறதே இல்லை. பஞ்சு காய்ந்து கருகி, வாய்க்குள் எரிந்த துணி மணம்.

மெஷின் வாங்கிய கடைக்காரனைக் கேட்டேன். "யார் செய்து தருகினம்?" என்றான். "என்ரை அக்கா" என்றேன். "உன்ரை அக்கா கிளிசரினைக் கூட விடுறா. ஒண்டுக்கும் பயப்பிடாதை, நூறு துளிக்கு மூண்டு நாலு துளி டிஸ்டில்ட் தண்ணி விடச் சொல்லு, இளகும்" என்றான். கார் பற்றரிக்கு விடுவார்களே, அந்தத் தண்ணீர்தான். அதைக் கட்டாயம் கவனியுங்கள் அக்கா. சிகரெட்டை விட்டு இந்த வேப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சில் விசிலடித்த சத்தம் போய்விட்டது, டாக்டரும் தோளில் தட்டினார். ஆனால் வாய் கருகுகிற நாட்களில் பக்கத்தில் நிற்பவனின் சிகரெட் பெட்டியைக் கண் தேடுகிறது. அதை உங்களுக்கு மறைத்து என்ன?

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
கஜானன்


பலேர்மோ
24.11.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஞானம்பிகை எழுதுகிறேன். எல்லாரும் சுகம். முழங்காலும் அது தன் பாட்டில் இருக்கிறது, நானும் என் பாட்டில் நடக்கிறேன்.

கிளிசரினைக் கூட விடுகிறேனாம்! அந்தக் கடைக்காரனை ஒருநாள் சீசா என்கிற எங்கள் பகுதியில் இருக்கும் என் குசினிக்கு வந்து பார்க்கச் சொல்லு. எங்கள் மூத்தவன் யசிந்தன் ஜேர்மனிக்குப் போகும்போது விட்டுப்போன சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் விடுகிறேன். நிக்கொட்டின் சிமிழைத் தொடும்போது ஆரணி சொன்னபடி கையுறை போடுகிறேன். கலந்து, குலுக்கி, மூன்று கிழமை அலுமாரியில் உன் அத்தானின் சேட்டுகளுக்குப் பின்னால் வைக்கிறேன். அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனாலும் ஏலக்காய் மணந்துகொண்டுதான் போகிறார். "நாயகம், கலியாண வீட்டிலையிருந்தோ வாறாய்?" என்று கேட்கிறார்களாம்.

சரி, நீ கேட்டபடி தண்ணீர் விட்டிருக்கிறேன். நல்ல தண்ணீர். குலுக்கிப் போட்டு இழு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அத்தானும் பெல்லெகிரினோ மலைக்கு ஏறுகிறோம். பஸ்ஸில் இல்லை, பழைய கல்பாதையால், வெறுங்காலோடு. மேலே குகைக் கோயிலில் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு முன் எங்கள் சனம்தான் அரைவாசி. என்ன நேர்த்திக்கடன் என்று கேட்காதே, வாய் விட்டால் பலிக்காது.

அந்த டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று ஞாபகமா? சிகரெட்டில் இருந்து இதற்கு வா, பிறகு இதையும் விடு என்று. முதற்பாதியைச் செய்துவிட்டாய். மற்றப் பாதியைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல்லும் காணவில்லை.

சாப்பாட்டைக் கவனி. சட்டி கழுவுகிற கைக்குக் கிரீம் பூசு.

அக்கா
ஞானம்பிகை


ஜெனோவா
15.12.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதமும் போத்திலும் கிடைத்தன. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சேட்டுகள் கலியாண வீடு மாதிரி மணக்கிற கதையைச் சொல்ல, என்னோடு அறையில் இருக்கும் ஜெனிஸ்டன் வயிறு நோகச் சிரித்தான்.

இந்த முறைச் சாமான் திறம்! பஞ்சில் நன்றாக ஊறுகிறது. தொண்டையில் முந்தி இருந்த கடுப்பு இல்லை, புகையும் இரண்டு மடங்கு. முற்றத்தில் நான் ஊத, குசினிச் செஃப் கதவைத் திறந்து பார்த்து "நெருப்பா?" என்கிறார். அந்தக் கடைக்காரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். கொஞ்சத் தண்ணீருக்கு எவ்வளவு மாற்றம் பாருங்கள்.

மற்றப் பாதியைப் பற்றிக் கேட்டீர்கள். பிறகு பார்ப்போம் அக்கா. ஒரு மனிசனுக்கு ஒரு கெட்ட பழக்கமாவது இருக்க வேண்டாமோ?

அடுத்த முறை இரண்டு போத்தில் அனுப்புங்கள். கடிதத்தையும் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். கபோ சந்தையில் இப்போது என்ன வந்திருக்கிறது, நீங்கள் வேலை செய்கிற வீட்டு எமிலியானா சிஞ்ஞோரா இப்பவும் உங்களோடு கத்துகிறாவா, ஆரணி என்ன படிக்கிறாள், எல்லாம் எழுதுங்கள். இங்கே எனக்குக் கடல் மட்டும்தான் தெரிகிறது, அதுவும் ஒரு சின்னத் துண்டு.

அன்புடன்
கஜானன்


பலேர்மோ
12.01.2025

அன்புத் தம்பி கஜானுக்கு,

புது வருடத்தில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நாங்கள் நல்லாய் இருக்கிறோம். அத்தானுக்கு மட்டும் தடிமன், மூக்கைச் சிந்திச் சிந்தி வீடு முழுக்கக் கடதாசி.

நீளமாக எழுதச் சொன்னாய், வாசி. கபோவில் கார்ச்சோஃபி வந்து குவிந்து கிடக்கிறது, அந்த முள்ளுப் பூவைத்தான் சொல்கிறேன். நான் அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து எமிலியானா சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தேன். எண்பத்திரண்டு வயது மனிசி, ஒரு வாய் வைத்துவிட்டு என்னை முறைத்தா. "இதை இப்பிடிச் சமைக்கிறது பாவம்" என்றா. பிறகு சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டா. கத்துகிறாவா என்று கேட்டாயே, அவ கத்தாத நாளில்தான் எனக்குப் பயம்.

ஆரணி பல்கலைக்கழகத்தில் இரசாயனம் எடுத்திருக்கிறாள். வீட்டில் நான் உப்புப் போட்டாலும் அதற்கு ஒரு பேர் சொல்கிறாள். பொங்கலுக்குப் பல்கனியில் பானை வைக்கக் கீழ்வீட்டுக்காரி விடமாட்டாள், ஆனபடியால் காஸ் அடுப்பில்தான். பால் பொங்கினால் சரி.

இரண்டு போத்தில் இருக்கிறது. நீ விருப்பம் என்றபடியால் தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட விட்டேன். இழுக்கிற ஆசை முந்தியைவிடக் குறைகிறதோ? யோசித்துப் பார்த்து எழுது. மறக்காதே.

உன் அக்கா


ஜெனோவா
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அத்தானின் தடிமன் போய்விட்டதோ? எனக்கு உடம்பு சுகம், மனம்தான் சரியில்லை. கோபிக்காமல் வாசியுங்கள்.

இந்த இரண்டு போத்திலிலும் ஏதோ பிழை. இழுத்தால் மெஷின் குளுகுளு என்று கொப்பளிக்கிறது. எண்ணெய்க்குள் தண்ணீர் விழுந்த மாதிரிப் படபட என்று வெடித்து, சுடுதுளி நாக்கில் வந்து விழுகிறது. நேற்று அடியால் ஒழுகிச் சேட்டுப் பை முழுக்க ஈரம். செஃப் பார்த்துவிட்டு, "நீ என்ன, சூப்பை பையிலை வைச்சிருக்கிறியோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். சாமானில் சத்தும் இல்லை. முந்தி ஐந்து தரம் இழுத்தால் போதும், இப்போது இருபது தரம் இழுத்தும் ஆறவில்லை.

மூன்று கிழமை பாவித்த, பஞ்சைச் சுடவைக்கிற கொயில் இப்போது ஐந்து நாளில் போகிறது. கழற்றிப் பார்த்தால் தண்ணீர் கொதிக்கிற கேத்தில் அடியில் பிடிக்குமே, அந்த மாதிரி வெள்ளைக் காவி. கடைக்காரனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் சுரண்டிப் பார்த்தான். "இது டிஸ்டில்ட் தண்ணி இல்லை. டிஸ்டில்ட் தண்ணியிலை சுண்ணாம்பு வராது. அதோடை மூண்டு நாலு துளியும் இல்லை, அள்ளி ஊத்தியிருக்கு. இதை இழுக்காதை" என்றான்.

அக்கா, உண்மையைச் சொல்லுங்கள். பைப் தண்ணீரையா விட்டீர்கள்? கடைக்குப் போக அலுப்பு என்றால் அலுப்பு என்று சொல்லுங்கள், நான் இங்கே வாங்கி அனுப்புகிறேன்.

தம்பி
கஜானன்


பலேர்மோ
23.02.2025

தம்பி கஜானனுக்கு,

எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உனக்காக நான் அலுப்புப் பட்டேனா? இரண்டு வருடமாக ஒரு முறை, ஒரே ஒரு முறை உன் போத்தில் பிந்தியிருக்கிறதா? எவனோ ஒரு கடைக்காரன் விரலால் சுரண்டிச் சொன்னானாம், இவர் உடனே அக்காவுக்கு எழுதிவிட்டார்.

கேட்டுக்கொள். பைப் தண்ணீர் ஒரு சொட்டும் நான் விடவில்லை. சத்தியம். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ.

மெஷினை நீ கழுவுவதில்லை. சின்ன வயதிலும் உன் தண்ணிப் போத்திலை நான்தான் கழுவினேன். அந்தக் காவி எங்கே இருந்து வந்தது என்று உன் கையைக் கேள்.

புதுப் போத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். இது நல்லாய் இருக்கும். இதோடு உனக்கு ஆசை அடங்கும் என்று என் மனம் சொல்கிறது.

அக்கா


பலேர்மோ
06.04.2025

என் செல்லத் தம்பிக்கு,

நீ சுகமோ? அதை மட்டும் முதலில் எழுது. மற்றது எல்லாம் பிறகு.

ஆறு கிழமை ஆகிறது, உன்னிடம் இருந்து ஒரு வரி இல்லை. பூபாலென் மூன்று தரம் வெறுங்கையோடு வந்தான். போனில் எடுத்தேன், "ஓம் அக்கா, சுகம் அக்கா, வேலை அக்கா" என்றாய், வைத்துவிட்டாய். நேற்றுத் துறைமுகத்தில் பூபாலெனை மறித்து, உண்மையைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று நின்றேன். அவன் மொரிசியஸ்காரன், எங்கள் எழுத்து வாசிக்கத் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு இத்தாலியனில் சொன்னான்: "தம்பி ஜெனோவாத் துறைமுக வாசலில் நிற்கிறார். கையில் நெருப்புத் தெரிகிறது." வேப்பில் நெருப்புத் தெரியாது என்று எனக்குத் தெரியும். நடந்து வீட்டுக்கு வந்தேன், எந்தத் தெருவால் வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

தம்பி, சொல்லுகிறேன், கேள். நான் பைப் தண்ணீர் விடவில்லை. அந்தச் சத்தியம் பொய் இல்லை. நான் விட்டது சாந்தா ரொசாலியாவின் தண்ணீர். குகைக் கூரையில் இருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகளில் சேர்த்து எடுப்பார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அதை ஒரு சின்னப் போத்திலில் வாங்கி வந்து வைத்திருந்தேன். போன ஒக்டோபரில் நீ போனில் இருமினாய், ஞாபகமா? அன்றைக்கே நேர்ந்தேன். என் தம்பி சிகரெட்டை விட்ட மாதிரி இந்த வேப்பையும் விட வேண்டும், விட்டால் அவனை வெறுங்காலோடு மலைக்கு ஏற்றிக்கொண்டு வருகிறேன் தாயே என்று. அடுத்த மாதமே நீ தண்ணீர் விடச் சொல்லி எழுதினாய்! அவவே கேட்கிறா என்று நான் நினைக்காமல் வேறு யார் நினைப்பார்கள்?

முதல் போத்திலில் ஒரு மூடிதான் விட்டேன். நல்லாய் இருக்கிறது என்று எழுதினாய், ஜனவரியில் மூன்று மூடி. கடைசிப் போத்திலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். தண்ணீர் கூடக் கூட நிக்கொட்டின் குறையும், மிச்சத்தை அவ பார்ப்பா என்று இருந்தேன்.

இதை எல்லாம் ஆரணியிடம் சொன்னேன். அவள் கத்தின கத்தலில் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். "அம்மா, அது சுண்ணாம்புப் பாறைத் தண்ணி! கொதிச்சால் தண்ணி போகும், கல்லு நிக்கும். கிருமியும் இருக்கும். கையிலை தொட்டுக் கும்பிடுற தண்ணியை மாமான்ரை நெஞ்சுக்குள்ளை விட்டிட்டீங்களே!" என்றாள். நான் உன்னைக் காப்பாற்ற நினைத்து உன் நெஞ்சுக்குள் கல்லை ஊற்றினேனோ? உன்னைத் திரும்பச் சிகரெட்டுக்கும் தள்ளினேனோ? என்னால்தான். வேறு யாராலும் இல்லை.

அந்தப் போத்தில்களை இனித் தொடாதே. டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு. என்னை ஏசு, நல்லாய் ஏசு, ஆனால் எழுது.

பாவி அக்கா


ஜெனோவா
27.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அழ வேண்டாம். நான் சுகம். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தார்கள், கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, சுத்தம். டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார், அவ்வளவுதான்.

பூபாலென் சொன்னது உண்மை. மார்ச் தொடக்கத்தில் ஒரு பெட்டி வாங்கினேன், பிறகு இன்னொன்று. ஆசையால் இல்லை அக்கா, கோபத்தால். வெள்ளைக் காவியை என் கண்ணால் பார்த்தேன், நீங்கள் சத்தியம் என்று எழுதினீர்கள். என் அக்கா எனக்குச் சத்தியம் செய்து பொய் சொல்கிறா என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே முதல் சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

உங்கள் இந்தக் கடிதத்தை வாசித்ததும் கோபம் போய்விட்டது, ஆனால் வேறொரு பயம் வந்தது. உங்களுக்குத் தெரியுமா, நான் எங்கே நின்று வேப் இழுக்கிறேன் என்று? மழை நாளில் முற்றத்தில் நிற்க முடியாது. வேலைக்காரருக்கான கக்கூசுக்குள் நின்றுதான் இழுப்பேன். தலையில் தெளிக்கிற தீர்த்தத்தை நான் கக்கூசுக்குள் நின்று, வாயால் இழுத்து மூக்கால் விட்டிருக்கிறேன்! மூன்று மாதம்! இதை நினைத்து நான் அன்று குளித்துவிட்டு வந்து திரும்பவும் குளித்தேன். ஏன் அக்கா, நேர்த்தி வைக்கிறவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ?

மிச்சம் இரண்டரைப் போத்தில் இருக்கிறது. இழுக்க மனம் வரவில்லை. தொட்டியில் ஊற்றப் போனேன், கை போகவில்லை, தீர்த்தத்தை யார் சாக்கடையில் ஊற்றுவது? குப்பைக்குள்ளும் போட ஏலாது. கடைசியில் சாமித் தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கு வைக்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டியிருக்கிறது. ஜெனிஸ்டன், "அண்ணை, உந்தப் புதுச் சாமிக்கு என்ன பேர்?" என்கிறான். அவ அங்கே நிற்கும்போது அறையில் சிகரெட் பற்றவைக்க முடியுமோ? வெளியில் போய்ப் பற்றவைத்தாலும் அதே வாயோடுதானே உள்ளே வர வேண்டும். மிச்சப் பெட்டியை ஜெனிஸ்டனிடம் கொடுத்துவிட்டேன்.

இன்றைக்குப் பதினொரு நாள். சிகரெட்டும் இல்லை, வேப்பும் இல்லை. எண்ணிச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இந்தப் போத்தில்களை என்ன செய்ய?

தம்பி
கஜானன்


பலேர்மோ
18.05.2025

என்ரை தம்பிக்கு,

உன் கடிதத்தைத் துறைமுக வாசலிலேயே பிரித்து நின்றபடி வாசித்தேன். சுத்தம் என்ற சொல்லைக் கண்டதும் பூபாலெனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவனுக்கு என்ன என்று விளங்கவில்லை, அவனும் குலுக்கினான். அத்தானும் ஆரணியும் சுகம். நான் ஆறு கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கக்கூசில் இழுப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்! நல்ல பிள்ளையாக வெளியில் நின்று இழுக்கிறான் என்று நினைத்தேன். என் பிழைதான், சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "விசரோ அக்கா" என்பாய் என்றுதான் மறைத்தேன்.

போத்திலைப் பற்றி எல்லாரையும் கேட்டேன். கோயில் ஐயர், "அம்மா, இதுக்கு ஆகமத்திலை ஒண்டும் எழுதேல்லை" என்றார். ஏதாவது பூச்செடிக்கு ஊற்றச் சொன்னார். ஆரணி, நிக்கொட்டின் செடியில் இருக்கிற தேனீயையும் கொல்லும் என்றாள். அத்தான் கடலில் விடச் சொன்னார், அதற்கு மீன் சாகும் என்றாள். பிறகு ஞாயிறு மலைக்கு ஏறி, குகையில் மெழுகுதிரி பார்க்கிற கிழவனிடமே கேட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். "சிஞ்ஞோரா, அதிலை கிளிசரினையும் புகையிலையையும் கலந்தவுடனை அது அவவின்ரை தண்ணி இல்லை, உங்கடை சமையல். அவ கோபிக்கமாட்டா" என்றான். ஆகவே பயப்படாதே. நஞ்சுச் சாமான் சேர்க்கிற இடம் உங்கள் ஊரிலும் இருக்குமாம், அங்கே கொடுத்துவிடு என்று ஆரணி சொல்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். பதினொரு நாள் என்று எழுதினாய், இப்போது ஒரு மாதம் ஆகியிருக்கும். நீ திரும்பச் சிகரெட்டுக்குப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். ஏலாது என்று இருந்தால் வெட்கப்படாமல் எழுது. சுத்தமான போத்தில் செய்து தருகிறேன். மருந்துக்கடையில் வாங்கிய டிஸ்டில்ட் தண்ணீர், நூறு துளிக்கு மூன்று துளி, ஆரணி பக்கத்தில் நின்று எண்ணுவாள். நேர்த்தியை நான் அவவோடு பேசிக்கொள்கிறேன்.

வேண்டுமோ, வேண்டாமோ?

அக்கா


ஜெனோவா
29.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறேன், பிள்ளையார் இப்போது தட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போத்தில்களைச் சொன்ன இடத்தில் கொடுத்துவிட்டேன்.

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். வேண்டுமோ வேண்டாமோ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லை எழுத எனக்குப் பயமாக இருந்தது.

வேண்டாம் அக்கா. எழுபத்து நாலு நாள் ஆகிவிட்டது. இனித் திரும்பமாட்டேன்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். போன வருடமே இந்த வேப்பை நான் பாதிக்கு மேல் விட்டுவிட்டேன். நீங்கள் அனுப்பிய போத்திலில் அரைவாசியை ஜெனிஸ்டன்தான் இழுத்தான். மிச்சத்தையும் விட்டிருப்பேன், டாக்டரும் கேட்டார். நான்தான் விடவில்லை. ஏன் என்றால், போத்தில் வராவிட்டால் பார்சல் வராது. பார்சல் வராவிட்டால் கடிதம் வராது.

போனில் நீங்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியாது. "சாப்பிட்டியோ? என்ன கறி? சரி வைக்கிறன்." முடிந்தது. ஒரு நிமிடமும் இல்லை. பிறகு காலையில் சாமிப் படம் ஒன்று அனுப்புவீர்கள். ஆனால் பார்சலுக்குள் வைக்கிற கடிதத்தில் என் அக்கா முழுதாக இருக்கிறா. சிஞ்ஞோரா முறைத்தது, அத்தான் மூக்குச் சிந்தியது, ஆரணி உப்புக்குப் பேர் சொன்னது, எல்லாம். குளிருக்குள் சட்டி கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்துவிட்டு அதைப் பிரிக்கிற நேரம்தான் எனக்கு வீடு. அதற்காக நான் இன்னும் பத்து வருடம் ஏலக்காய்ப் புகையை ஊதியிருப்பேன்.

பிழை என்று தெரியும். நீங்கள் என் நெஞ்சுக்காக மலை ஏறிக்கொண்டிருந்தீர்கள், நான் கடிதத்துக்காகப் போத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் இவ்வளவு கூத்தும் நடந்திராது. நாற்பத்தொரு வயதில் ஒரு ஆம்பிளை, அக்கா எனக்குக் கடிதம் போடுங்கோ என்று எப்படிக் கேட்பது?

செப்டெம்பரில் இரண்டு கிழமை லீவு தந்திருக்கிறார்கள். கப்பலில் வாறன். வெறுங்காலோடு ஏறுகிறேன், நேர்த்தி உங்கள் பேரில் நிற்க வேண்டாம்.

தம்பி
கஜானன்


பலேர்மோ
13.07.2025

என்ரை கஜானுக்கு,

நான் சுகம். விசரா, நான் நல்ல சுகம்.

வாசித்து முடித்ததும் உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுப் பல்கனிக்குப் போய் நின்றார். பிறகு வந்து, "உனக்கு ஒரு கட்டுக் கடதாசி வாங்கட்டோ?" என்று கேட்டார்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஒவ்வொரு முறையும் குகைத் தண்ணீரை விடும்போது, இது பலித்தால் இனி இவனுக்கு நான் எதை அனுப்புவது, எந்தச் சாட்டில் எழுதுவது என்று ஒரு நினைப்பு வரும். அதை நினைத்துக்கொண்டுதான் அடுத்த மூடியையும் விட்டேன். அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

இனிச் செய்திகளைக் கேள். நாளைக்கு சாந்தா ரொசாலியாவின் தேர். சீசாவில் இருந்து நடந்தே போக வேண்டும், பஸ் ஓடாது. எமிலியானா சிஞ்ஞோரா தன் பல்கனியில் கதிரை போட்டிருக்கிறா, எனக்கும் ஒன்று. போன கிழமை அவ என்னிடம் அந்தப் பாவக் கறியைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டா. ஆனிக் கடைசியில் கார்ச்சோஃபிக்கு எங்கே போவது! கத்தரிக்காயில் வைத்தேன், "இது அதைவிடப் பாவம்" என்றா, சட்டியை வழித்தா. ஆரணி மூன்று சோதனையும் பாஸ். கீழ்வீட்டுக்காரி ஒரு பூனை வாங்கியிருக்கிறாள், அது எங்கள் வீட்டில்தான் படுக்கிறது. யசிந்தன் ஒரு பெட்டையின் படம் அனுப்பினான், பேர் அமலினி, வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் நான்கு நாளாக அந்தப் படத்தைத்தான் பார்க்கிறேன். சாடையைப் பார்த்தால் நல்ல பெட்டை போல இருக்கிறது. அலுமாரியைக் கழுவி அத்தானின் சேட்டுகளை வெயிலில் போட்டேன், மணம் போகவில்லை, போகாமல் இருக்கட்டும் என்கிறார்.

நான்கு பக்கம் ஆகிவிட்டது. இதைத் துறைமுகத்தில், கப்பலுக்குச் சனம் ஏறுகிற இடத்தில் ஒரு சீமெந்துத் திண்டில் குந்தியிருந்து எழுதி முடிக்கிறேன். பூபாலென் பக்கத்தில் நின்று, பார்சல் எங்கே என்று இரண்டாம் தரம் கேட்கிறான். இல்லை, இந்தமுறை கடிதம் மட்டும்தான் என்றேன். இதற்காகவா தன்னை வரச் சொன்னது என்று பார்க்கிறான். ஓம் என்றேன்.

அக்கா
ஞானம்பிகை